வேட்டைப் பணம் மலையில் தங்கியதா? ஒரு நீலகிரிக் கணக்கு

நீலகிரியின் கேத்தியிலோ பழனி மலையின் மன்னவனூரிலோ காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உருளைக்கிழங்குத் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் ஒரு யோசனை பேச்சில் வரும். நமீபியாவில் வெளிநாட்டு வேட்டைக்காரர்களை வரவழைத்துக் கிராமங்கள் சம்பாதிக்கின்றன. பாகிஸ்தானில் ஒரு மலையாட்டைச் சுட லட்சம் டாலருக்கு மேல் கட்டுகிறார்கள். இங்கேயும் வழிகாட்டியோடு வேட்டையைத் திறந்துவிட்டால் பயிர்ச் சேதமும் குறையும், மலைமக்கள் கையில் காசும் புரளும் என்பார்கள்.

நீலகிரிக்கு இது புதுத் தொழில் அல்ல. 1820களில் உதகையில் வெள்ளையர் குடியேறியதிலிருந்து 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் இங்கே அது நடந்தது. தடம் பார்க்கத் தெரிந்த குறும்பர், இருளர், படுகர், கோத்தர் எனப் பலர் அதில் வேலை பார்த்தார்கள். அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். விலங்கின்மேல் உரிமை யாருக்கு இருந்ததோ அவரிடம் பணம் போனது; காட்டைத் தெரிந்தவருக்கு அன்றைய கூலி மட்டும் கிடைத்தது. இன்று சஃபாரி ஜீப்பிலும் மலையேற்றப் பாதையிலும் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான் தொடர்கிறது.

இரண்டு சட்டங்கள்

தொடக்கக் காலத்தில் உதகையைச் சுற்றி வேட்டைக்குக் கட்டுப்பாடே இல்லை. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அரசே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. வரையாடும் கடமானும் கண்மண் தெரியாமல் சுடப்பட்டு, சில பத்தாண்டுகளிலேயே பக்கத்துக் குன்றுகள் காலியாகின. சுட ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் வந்த பிறகுதான் 1877இல் உதகையில் நீலகிரி வேட்டைவிலங்குச் சங்கம் உருவானது. அதில் இருந்தவர்கள் தோட்ட முதலாளிகள், ராணுவ அதிகாரிகள், அரசு உத்தியோகஸ்தர்கள். 1879இல் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வேண்டும், இனப்பெருக்கக் காலத்தில் சுடக்கூடாது என்பவை அதன் அடிப்படை விதிகள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1878இல், இந்திய ஆயுதச் சட்டம் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்று சொன்னது. இன்னொன்று எந்த விலங்கை யார், எப்போது கொல்லலாம் என்று சொன்னது. கண்ணி வைத்தும் வலை கட்டியும் வேட்டையாடிய காட்டுவாசி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் தன் வீட்டுக்காக வேட்டையாடினால் குற்றவாளி. அதே காட்டில் அதே விலங்கை உரிமம் வைத்திருப்பவருக்குக் காட்டிக் கொடுத்தால் சிக்காரி. அறிவும் உழைப்பும் மாறவில்லை. ஆனால் விலை பேசும் உரிமை அவரிடமிருந்து போய்விட்டது.

சங்கம் நல்லது செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அது காவலர்களை வைத்தது, சுடும் எண்ணிக்கையை மட்டுப்படுத்தியது. நீலகிரியில் வரையாடு அடியோடு அழியாமல் தப்பியதில் அதன் பங்கு பெரியது. மூணாறு பக்கம் இரவிகுளத்திலும் தோட்டக் கம்பெனிக்காரர்களின் வேட்டைச் சங்கம்தான் முதுவர்களைக் காவலர்களாக வைத்து வரையாட்டைக் காத்தது. அந்தப் புல்வெளி 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. விலங்கைக் காத்த ஏற்பாடு மக்களுக்கு வருமானமும் கொடுத்ததா என்பது வேறு கேள்வி.

ஒரு முகாமில் பணம் போன வழி

வேட்டைக்கு வருபவரின் செலவு மலையில் கால் வைப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். துப்பாக்கியும் தோட்டாவும் இங்கிலாந்துச் சரக்கு. கூடாரம், டப்பா உணவு, மதுவகை எல்லாம் உதகைக் கடைகளில் வாங்கினாலும் ஊற்று சென்னையிலோ பம்பாயிலோதான். உரிமக் கட்டணம் நிர்வாகத்துக்கு. இவ்வளவும் போன பிறகு மிஞ்சுவதில்தான் சுமைக்கூலி, மட்டக்குதிரை வாடகை, சமையல்காரர், சிக்காரி, சோலையை ஒரு பக்கத்திலிருந்து சத்தம் போட்டு விரட்டும் ஆட்கள் என்று உள்ளூருக்குப் பணம் இறங்கும். அதிலும் எண்ணிக்கையில் அதிகம் சுமைக்காரர்களும் விரட்டுபவர்களும்தான். அவர்களுக்கு அது வருஷத்தில் சில நாள் வேலை. குளிர்காலத்தில் சோலைகளுக்கு வரும் உட்காக் பறவையைச் சுடும் பருவம் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். விதைப்புக்கும் அறுவடைக்கும் ஆள் தேவைப்படும் நாட்களோடு அது மோதினால் கூலி கொஞ்சம் ஏறும், இல்லாவிட்டால் இல்லை.

சிக்காரியின் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு வரையாட்டு வேட்டை ஒன்றே போதும். வரையாடு ஆபத்தைக் கீழிருந்துதான் எதிர்பார்க்கும். பாறை விளிம்பில் நின்றபடி பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே மேயும். அதனால் மேலிருந்துதான் நெருங்க வேண்டும். ஆனால் விடியும் முன் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி வழியும். அந்த நேரத்தில் முகட்டில் தலை காட்டினால் மனித வாடை நேராக மந்தைக்குப் போய்விடும். வெயில் சரிவில் விழுந்து கொஞ்ச நேரம் ஆனதும் காற்று திசை மாறி மேலே ஏறத் தொடங்கும். அப்போது மந்தையின் வாடை மேலே வரும், ஆளின் வாடை பின்னால் போய்விடும். ஆகவே சிக்காரி வேட்டைக்காரரை இருட்டிலேயே சுற்றுவழியாக ஏற்றி, முகட்டுக்குப் பின்னால் உட்கார வைத்து, சாம்பலைச் சிட்டிகையாய் உதிர்த்துக் காற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சீக்கிரம் எழுந்தால் மந்தை ஓடிவிடும். தாமதித்தால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும், பிறகு பத்தடி தெரியாது. முதுகில் வெள்ளிச் சாம்பல் நிறம் ஏறிய கிழக் கிடாய்தான் வேட்டைக்காரருக்கு வேண்டும்; எட்டத்திலிருந்து அதை இளங்கிடாயிலிருந்து பிரித்துக் காட்டுவதும் சிக்காரியே.

இந்த அறிவுக்குக் கிடைத்தது தினக்கூலியும், வேட்டை வாய்த்தால் இனாமும். இனாம் என்பது வேட்டைக்காரரின் மனத்தைப் பொறுத்தது. குறி தவறினாலும் பெரும்பாலும் பழி சிக்காரி மேல்தான்.

இறைச்சி தனிக் கணக்கு. நன்கு வளர்ந்த கடமான் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். கொம்பும் தோலும் போக மீதி முகாமில் இருந்தவர்களுக்கே. பணம் குறைவாகப் புழங்கிய இடத்தில் அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் எல்லாச் சமூகமும் எல்லா இறைச்சியும் தின்பதில்லை. தோடர் வேட்டையிலேயே சேராதவர்கள். ஆகவே இறைச்சியின் பயன் ஊர் முழுவதும் பரவவில்லை, முகாமில் நின்ற சில வீடுகளுக்கே போனது.

தோல் விஷயத்தில்தான் பணம் மலையைவிட்டு வழிந்து போனதைத் தெளிவாகப் பார்க்கலாம். விலங்கு விழுந்த சில மணி நேரத்துக்குள் தோலை உரித்தாக வேண்டும். காதின் குருத்தெலும்பிலிருந்து தோலைப் பிரித்து உள்பக்கம் வெளியே வரத் திருப்ப வேண்டும். உதடுகளைக் கீறிப் பிளந்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் சுரண்டி, உப்பைத் தேய்த்து நிழலில் உலர்த்த வேண்டும். காதையோ உதட்டையோ விட்டுவிட்டால் அந்த இடத்தில் அழுகல் பிடித்து முடி உதிரும். பாடம் செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிறகு சரிசெய்ய முடியாது. இந்த முதல்கட்ட வேலை முழுவதும் முகாமில் உள்ளூர் ஆள் செய்தது, கூலிக்கு. அதன்பிறகு தோல் மைசூருக்குப் போகும். 1900 வாக்கில் தொடங்கி 1999வரை அங்கே இயங்கிய வான் இங்கன் பாடம்செய்யும் நிறுவனம் தென்னிந்தியப் புலி, சிறுத்தைத் தோல்களுக்கு உலகப் புகழ் பெற்றது. வேட்டைத் தொழிலில் நல்ல லாபம் தரும் வேலைகளில் ஒன்று இப்படி மலைக்கு வெளியே இருந்தது. ஆரம்ப வேலையைச் சரியாகச் செய்த கைக்கு அந்த லாபத்தில் பங்கு இல்லை.

சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகும் அப்படித்தான். மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் மஞ்சள் புள்ளி உள்ள அந்த இறகை இங்கிலாந்தில் சால்மன் மீன் பிடிக்கும் தூண்டில் பூச்சிகள் கட்டப் பயன்படுத்தினார்கள். தென்னிந்தியக் காடுகளிலிருந்து அது மொத்தமாக ஏற்றுமதியானது, பிறகு தடை வந்தது. கண்ணி வைத்தவருக்கும் லண்டன் கடைக்கும் இடையில் எத்தனை கை மாறியதோ, அத்தனை கையிலும் விலை ஏறியது.

கணக்கில் சேராத செலவு ஒன்றும் உண்டு. வேட்டைக்காகக் காக்கப்பட்ட கடமானும் பன்றியும் மேய்ந்தது யாருடைய சாமையை, ராகியை, உருளைக்கிழங்கை? அந்தச் சேதத்தை வேட்டைச் சங்கமோ உரிமம் வாங்கியவரோ ஏற்கவில்லை. வருமானத்தை மட்டும் எழுதிச் சேதத்தை எழுதாத எந்த வேட்டைக் கணக்கையும் நம்பக் கூடாது.

தடை வந்த பிறகு

1970இல் நாடு முழுவதும் புலி வேட்டை நிறுத்தப்பட்டது. 1972 சட்டம் அதற்குப் பிறகும் சில விலங்குகளுக்கு உரிம வேட்டையை விட்டு வைத்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் மூடியது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் காட்டுவாசிகளின் பாரம்பரிய உரிமைகளை ஏற்றபோதும், வேட்டையாடவும் கண்ணி வைக்கவும் இருந்த உரிமையை வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. ஆகவே இன்றைய நிலையில் நீலகிரியிலும் பழனி மலையிலும் வழிகாட்டி வேட்டைக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

சிக்காரியின் அறிவு அழியவில்லை, முதலாளி மாறினார். முதுமலை 1940இல் சரணாலயமானது, 2007இல் புலிகள் காப்பகமானது. அங்குள்ள தெப்பக்காட்டில் யானைப்பாகன், பாகனுக்கு உதவும் காவடி, வேட்டைத் தடுப்புக் காவலர், புலித் தடம் பார்ப்பவர் என எல்லா இடத்திலும் குறும்பரும் இருளரும் காட்டுநாயக்கரும்தான் முன்னால் நடக்கிறார்கள். தப்பித் திரியும் புலியையோ கொம்பனையோ தேடும்போது வனத்துறை முதலில் கூப்பிடுவது இவர்களைத்தான். ஆனால் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் ஆண்டுக்கணக்காகத் தற்காலிகப் பணியிலேயே இருக்கிறார்கள். மிக அரிதான திறமைக்கு மிகக் குறைந்த பாதுகாப்பு என்ற பழைய அநியாயம் இதில் தொடர்வது வருத்தம் தருகிறது.

வெளிநாட்டில் எப்படி நடக்கிறது

பாகிஸ்தானின் மார்க்கோர், வரையாட்டைப் போலவே பாறைச் சரிவில் வாழும் காட்டு ஆட்டினம். பலூசிஸ்தானின் தோர்கரில் 1980களின் நடுவில் உள்ளூர்ப் பழங்குடியினரே தங்கள் வேட்டையை நிறுத்திக்கொண்டு, தங்கள் ஆட்களையே காவலுக்கு வைத்தார்கள். பிறகு கட்டணம் செலுத்தும் வேட்டைக்காரர்கள் சிலரை மட்டும் அனுமதித்து அந்தப் பணத்தில் காவலர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பாகிஸ்தான் முழுவதற்கும் சேர்த்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை (CITES) 1997இல் ஆண்டுக்கு 6 மார்க்கோரை அனுமதித்தது. 2002இல் அது 12 ஆக உயர்ந்தது. கட்டணத்தில் 80 சதவீதம் உள்ளூர்ச் சமூகத்துக்கு, 20 சதவீதம் அரசுக்கு. ஏலத்தில் யார் எடுத்தாலும் அந்தப் பள்ளத்தாக்கின் பங்கு முன்பே எழுதி வைக்கப்பட்டது. யாருடைய தயவிலும் வரும் இனாம் அல்ல.

நமீபியாவில் 1996 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கிராமங்கள் எல்லை வரைந்து, உறுப்பினர் பட்டியல் எழுதி, குழு தேர்ந்தெடுத்து, வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்ற திட்டத்தோடு பதிவு செய்துகொள்ளலாம். பதிவான கிராமக் காப்பகமே வேட்டை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும். அங்கே வேட்டை வருமானம் சராசரியாக மூன்று ஆண்டில் தொடங்க, சுற்றுலா வருமானத்துக்கு ஆறு ஆண்டு ஆனது. காரணம் எளிது: வேட்டைக்கு ஒரு கூடாரமும் ஒரு வண்டித் தடமும் போதும், சுற்றுலாவுக்கு விடுதி கட்ட முதலீடு வேண்டும். வேட்டைப் பணம் குழுவின் பொதுக் கணக்குக்கும் இறைச்சி வீடுகளுக்கும் போக, சுற்றுலா தனி ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. எது பெரிது என்பதைவிட, ஒன்று பொதுவில் சேர்கிறது, இன்னொன்று தனி வீட்டில் சேர்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இவையும் தடுமாறாமல் இல்லை. பொதுக் கணக்கில் விழும் பணம் குழுத் தலைவர்களின் பயணப்படியாகவே கரையும் இடங்கள் உண்டு. வாங்குபவர் நாட்டிலோ சொந்த நாட்டிலோ கொள்கை மாறினால் வருமானம் ஒரே பருவத்தில் நின்றுவிடும். போட்ஸ்வானா 2014இல் வேட்டையை நிறுத்தி 2019இல் மறுபடி அனுமதித்தபோது, நடுவில் அதையே நம்பியிருந்த கிராமங்கள் கூலியையும் இறைச்சியையும் சேர்த்தே இழந்தன.

இங்கே ஏன் பொருந்தாது

சட்டத்தை ஒரு நிமிடம் மறந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பில் கிடைத்த வரையாடுகள் 1,303. மலையாட்டினங்களில் நூற்றுக்கு ஒன்று என்ற சிக்கனமான அளவில் கிழக் கிடாய்களை மட்டும் எடுத்தால்கூட ஆண்டுக்கு 13. அந்த 1,303ம் ஒரே மலையில் இல்லை. முக்கூர்த்தியிலிருந்து ஆனைமலை, பழனி மலை, மேகமலை வழியாகத் தெற்கே குமரி மாவட்டம்வரை துண்டு துண்டாகப் பிரிந்த கூட்டங்கள். சின்னக் கூட்டத்தில் ஒரு கிடாயை இழப்பதே இனப்பெருக்கத்தைத் தொடும். ஆகவே ஒரு மலைக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ, பல மலைகளுக்குச் சுழியம். அதை வைத்து எந்தக் கிராமமும் காவலர் சம்பளம் கொடுக்க முடியாது. மாநில விலங்கை விலைக்கு விடுவதைத் தமிழ் மக்கள் ஏற்கவும் மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

காட்டுப்பன்றி வேறு மாதிரி. அது ஏராளம், சேதமும் உண்மை. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நீலகிரி வரைபடத்தில் இந்த மூன்று கிலோமீட்டரை வரைந்து பாருங்கள். பாதிக்கு மேல் காடான மாவட்டத்தில் அதற்கு வெளியே விழும் ஊர்கள் மிகக் குறைவு. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி வழங்கும் அதிகாரம் கொடுத்தது. உரிமத் துப்பாக்கி உள்ளவர் சுடுவார், உடலைப் புதைத்துவிட வேண்டும். இரண்டு ஏற்பாட்டிலும் சேதம் குறைய வழி உண்டு, வருமானத்துக்கு இல்லை. இதை வருமானத் திட்டமாக விற்பவர்கள் விவசாயியை ஏமாற்றுகிறார்கள். விவசாயிக்கு வேண்டியது காலத்தில் வரும் இழப்பீடும், ஊரே சேர்ந்து பராமரிக்கும் மின்வேலியும்தான். மின்வேலி பெரும்பாலும் தோற்பது கம்பியால் அல்ல, அடியில் வளரும் புல்லால். புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். புல் வெட்டுவது யார் முறை என்று எழுதி வைக்காத வேலி ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

துப்பாக்கி இல்லாத வழிகாட்டி வேலை

வேட்டை போன இடத்தில் வந்தது காடு பார்க்கும் பயணம். மசினகுடியில் அறை முன்பதிவோடு சேர்த்தே ஜீப் பயணமும் விற்கப்படும். விடுதிக்குக் கமிஷன், வண்டிக்காரருக்கு வாடகை, டீசலுக்கு ஒரு பங்கு, கடைசியில் விலங்கு நிற்கும் இடத்தைச் சொல்லும் பையனுக்குப் படி. வேட்டை முகாமின் கணக்கை வரி பிசகாமல் எழுதியது போலவே இருக்கிறது. அதிர்ச்சிகளும் அப்படியே: 2012இல் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் சில மாதம் நிறுத்தி வைத்தது, 2018இல் சீகூர் யானை வழித்தடத்தில் விடுதிகள் சீல் வைக்கப்பட்டன, 2020இல் வழித்தட அறிவிக்கை உறுதியானது. யானைக்கு அந்த வழி வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் நாளே வேலை இழந்தவர் விடுதி முதலாளி அல்ல, தினக்கூலிக்காரர்.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் வேறு வழி எடுத்தார்கள். 1990களின் பின்பாதியில், காட்டில் வயணா என்ற இலவங்க வகை மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தியவர்களையே சூழல்மேம்பாட்டுக் குழுவாகச் சேர்த்து, காட்டுக்குள் பயணிகளை அழைத்துப்போகும் உரிமையைக் குழுவுக்குக் கொடுத்தார்கள். பணம் குழுக் கணக்கில் சேரும், அங்கிருந்து சம்பளம். அவர்களே இரவில் ரோந்தும் போனார்கள். குமுளிப் பக்கத்து மன்னான்களும் பளியர்களும் மிளகை வியாபாரியிடம் முன்கூட்டியே அடகு வைத்துக் கடனில் மூழ்கியிருந்தார்கள். குழு அந்தக் கடனை அடைத்து மிளகை நேராக விற்க உதவியது. வழிகாட்டிச் சம்பளத்தைவிட இதனால் மிஞ்சியது அதிகம் என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டில் 2018 குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. உள்ளூர் பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல தொடக்கம். விடுதியும் தரகரும் நடுவில் இல்லாததே பெரிய மாற்றம். ஆனால் முன்பதிவும் கணக்கும் சென்னையில் இருக்க, ஊருக்கு வருவது சம்பளம் மட்டும் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இப்படி ஒரு திட்டம் உங்கள் ஊருக்கு வந்தால், கிராம சபையில் கேட்க வேண்டியது வழிகாட்டிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்பதை மட்டுமல்ல. ஒரு பயணி கட்டும் தொகையில் ஊர்ப் பொதுக் கணக்குக்கு எத்தனை சதவீதம், அது ஆணையில் எழுதப்பட்டிருக்கிறதா? அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவராவது பெண்ணா? கடைசி நேரத்தில் பயணம் ரத்தானால், விடியுமுன் வந்து காத்திருந்த வழிகாட்டிக்குப் பாதிச் சம்பளமாவது உண்டா? யானை துரத்தி விழுந்து கால் முறிந்தால் காப்பீடு யார் பெயரில்? வேலை சுழல்முறையில் வருகிறதா, அல்லது ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேருக்கே தினமும் போகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், தடம் பார்க்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருப்பார், பேசத் தெரிந்தவர் முன்னால் நடப்பார்.

மூடும் காலத்தையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவத்துக்காகப் பாதைகளை மூடுகிறார்கள். அதே இரண்டு மாதத்தில்தான் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், கண்காணிப்புக் கோபுரத்தில் ஆள் நிறுத்தவும் வனத்துறைக்குக் கைகள் போதாது. மூடிய பாதையின் வழிகாட்டிகளையே அந்த வேலைக்கு, அதே நாள் சம்பளத்தில், பாதை மூடும் ஆணையிலேயே பெயர் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே திட்டமிட்டுவிடலாம்.